பிள்ளையின் பாக்கியை யார் வசூலிப்பது? – ஒரு வக்கீல் குமாஸ்தாவின் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு, சமூக நலத் துறை, வருவாய்த் துறை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. இருபத்தாறு வருடமாகக் கேஸ் கட்டு தூக்குகிறேன். அதில் பாதிக் காலம் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் போயிருக்கிறது. எந்த ஊர் என்று எழுதவில்லை. நாளைக் காலையும் அதே வராந்தாவில்தான் நிற்க வேண்டும். நீதிபதிகளுக்கு எழுதுகிற இடத்தில் நான் இல்லை. அவர்களுக்குத் தெரியாத விஷயமும் இதில் கிடையாது. கோர்ட்டு உத்தரவிட்டும் தகப்பன் கட்டாமல் விடுகிற பிள்ளையின் ஜீவனாம்சப் பாக்கியை வசூலிப்பது, உங்கள் மூன்று அலுவலகங்களும் சேர்ந்து கை வைத்தால் நடக்கக்கூடிய ஒரு காரியம். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஒரு பெண் பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் படியேறினார். கோயிலில் நடந்த கல்யாணம். பத்திரிகை இருந்தது, போட்டோ ஆல்பம் இருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவரைக் கணவர் திரும்பக் கூப்பிட வரவே இல்லை. ஜீவனாம்ச மனு போட்டோம், எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) என்று நம்பர் ஆயிற்று. அவர் ஆஜராகி எதிருரை தாக்கல் செய்தார். நாலு பக்க எதிருரையில் ஒரு வரிதான் எங்களை நாலு வருடம் இழுத்தது: குழந்தை தனக்குப் பிறந்தது இல்லையாம்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கச் சொல்லி அவர் தனி மனு போட்டார். அதற்கு எங்கள் எதிருரை, இரண்டு தரப்பு வாதம், கடைசியில் தள்ளுபடி. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. அது முடியும்வரை இங்கே கட்டு தூங்கியது. இடைக்காலத் தொகை கேட்டு நாங்கள் எழுந்து நின்றபோதெல்லாம், “மேலே என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்” என்றே வாய்தா விழுந்தது. 2016-ல் இறுதி உத்தரவு வந்தது. குழந்தைக்கு மாதம் 3,500 ரூபாய். மனு போட்ட நாளிலிருந்து அல்ல, உத்தரவு தேதியிலிருந்து. இடையில் போன ஐந்து வருடம் அந்தத் தாயின் கணக்கிலேயே எழுதப்பட்டது. அதற்குள் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கோர்ட்டு டவாலி அவளுடைய அம்மாவின் பெயரைக் கூப்பிட்டால், “வந்துட்டோம்” என்று முதலில் எழுந்து நிற்பது அவள்தான்.

இந்த டிஎன்ஏ விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முறையான திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை, அல்லது திருமணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தை, அந்தக் கணவரின் குழந்தைதான். 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 116-வது பிரிவாகி இருக்கிறது. எண்தான் மாறியது, சரக்கு அதேதான். கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கணவர் நிரூபித்தால்தான் இதிலிருந்து வெளியே வர முடியும். அவர் வெளிநாட்டில் இருந்தார், சிறையில் இருந்தார் என்பது போல ஏதாவது வேண்டும். சந்தேகம் மட்டும் போதாது.

1993-ல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்க ரத்தப் பரிசோதனை கேட்டு வந்தால், கேட்டதும் உத்தரவிடக் கூடாது. யாரையும் ரத்தம் கொடுக்கக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2023-ல் அபர்ணா ஃபிரோடியா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றவர்கள் சண்டையில் தன் பிறப்பைக் கேள்விக்கு உள்ளாக்காமல் இருப்பது குழந்தையின் உரிமை என்றார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2014-ல் நந்தலால் பத்வாயிக் வழக்கில் டெஸ்ட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, அவர் தகப்பன் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. விஞ்ஞானம் கண்ணெதிரே இப்படிச் சொல்லும்போது சட்டத்தின் அனுமானத்தைப் பிடித்துத் தொங்க முடியாது என்று அவரை விடுவித்தார்கள். அதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நியாயம்தான். தன் பிள்ளை இல்லை என்று உண்மையிலேயே தெரிந்த மனிதர் வருடக்கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் வராந்தாவில் நடப்பது வேறு. நான் சொன்ன அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் கேட்டார்: “எடுக்கட்டுமே அண்ணே, எனக்கென்ன பயம்? நம்ம வக்கீலய்யா ஏன் வேண்டாம்னு வாதாடுறாரு? எதோ மறைக்கிற மாதிரி ஆகுதே.” எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. வக்கீல்தான் உட்கார வைத்து விளக்கினார்: “ஒரு தரம் கதவைத் திறந்துவிட்டால், காசு கொடுக்க மனமில்லாத ஒவ்வொருவரும் முதல் வேலையாக டெஸ்ட் மனுதான் போடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கையை நீட்டி ரத்தம் கொடுத்துத் தன் பிறப்பை நிரூபிக்க வேண்டி வரும்.” அந்தம்மா தலையாட்டினார். அவருக்குச் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த எதிருரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

இப்போது யோசித்தால், அந்த மனு தோற்கும் என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். ஜெயிப்பதற்காகப் போட்ட மனு இல்லை அது. நாலு வருடம் வாங்குவதற்காகப் போட்டது, வாங்கியும் விட்டார்கள்.

கல்யாணமே ஆகாமல் பிறந்த குழந்தைக்கு இந்த அனுமானம் எதுவும் கிடையாது. ஜீவனாம்சச் சட்டம், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதாவின் 144, முறைப்படி பிறந்த குழந்தை, முறைப்படி அல்லாமல் பிறந்த குழந்தை என்று இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மதம் பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை. ஆனால் இவர்தான் தகப்பன் என்று காட்ட வேண்டிய பாரம் தாயின் தலையில். அங்கே டிஎன்ஏ கேட்பது தாய், மறுப்பது அவர். கோர்ட்டு உத்தரவிட்டும் வராமல் இருந்தால், அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கல்யாணம் செய்துகொள்வதாக நம்பவைத்து ஏமாற்றியதாகக் கிரிமினல் கேஸ் நடக்கும். போலீஸே ரத்த மாதிரி எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர்தான் தகப்பன் என்று ரிப்போர்ட்டும் வந்திருக்கும். அந்த ரிப்போர்ட் ஒரு கோர்ட்டில். ஜீவனாம்ச மனு இன்னொரு கோர்ட்டில். நடுவில் ஒரு சுவர், ஒரு மாடிப்படி. அந்தப் படியைத் தாண்ட காப்பி அப்ளிகேஷன் போட்டு, அது ரிட்டர்ன் ஆகி, திரும்பப் போட்டு, சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு இப்படி ஒன்று செய்யலாம் என்றே யாரும் சொல்வதில்லை. கிரிமினல் கேஸ் தோற்றாலும் ஜெயித்தாலும் பிள்ளைக்குத் தனியாக ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வசதி இருந்தாலும் இது லேசான வேலை இல்லை. ரோகித் சேகர் என்ற இளைஞர், மூன்று முறை உத்தரப் பிரதேச முதலமைச்சராக இருந்த என்.டி. திவாரிதான் தன் தகப்பன் என்று 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திவாரி உச்ச நீதிமன்றம் வரை போய் மறுத்தார். 2012 மே மாதம் டேராடூனில் அவர் வீட்டிலேயே வைத்து ரத்தம் எடுத்தார்கள். ஜூலையில் முடிவு வெளியானது, திவாரிதான் தகப்பன். படித்த, வளர்ந்த, டெல்லியில் வக்கீல் வைத்துக்கொள்ள முடிந்த மகனுக்கே நாலு வருடம். கைக்குழந்தையோடு பஸ் ஏறி வரும் சித்தாள் வேலைக்காரப் பெண்ணுக்கு எத்தனை வருடம் ஆகும்?

பெயர் விஷயத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. நம் ஊரில் எல்லாம் இன்ஷியலில்தானே இருக்கிறது. பள்ளிக்கூடச் சேர்க்கையில் ஆரம்பித்து ரேஷன் கார்டு வரை, “அப்பா பேர் என்ன?” என்ற கேள்வியில்தான் இந்தப் பெண்கள் குன்றிப்போவார்கள். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாத தாய் கேட்டால் தகப்பன் பெயரைக் கேட்டு வற்புறுத்தாமல் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஒரு பிரமாணப் பத்திரம் போதும் என்றது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியையும் மாற்றி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது தெரிந்திருக்கிறதா என்பது வேறு கதை.

சரி, தகப்பன் யார் என்று முடிவாகிவிட்டது, தொகையும் உத்தரவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான் எழுத வந்ததே இதற்குப் பிறகு நடப்பதைத்தான்.

உத்தரவு கைக்கு வந்த அன்று அந்தப் பெண் எங்கள் ஆபீஸுக்கு லட்டு வாங்கிவந்தார். முதல் இரண்டு மாதம் பணம் வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாக்கி வசூல் மனு போட்டோம். பாக்கி விழுந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் இந்த வழியில் வாரண்ட் கேட்க முடியாது என்பது சட்டம். அதனால் வருடாவருடம் ஒரு மனு. இந்த ஒரே எம்.சி. கட்டில் இப்போது ஏழு வசூல் மனுக்கள் இருக்கின்றன. கட்டு தடித்துவிட்டது, கயிறு எட்டவில்லை என்று போன வருடம் புதுக் கயிறு போட்டேன்.

வாரண்ட் போகும். “எதிர்மனுதாரர் ஊரில் இல்லை” என்று எழுதித் திரும்பி வரும். ஊரில் விசாரித்தால் காலையில்தான் டீக்கடையில் பார்த்தேன் என்பார்கள். வாரண்ட்டோடு போன காவலர், “ஆள் எங்கே இருக்கான்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லும்மா, வந்து தூக்குறோம்” என்றார். அந்தம்மா ஆட்டோ பிடித்து, அவரையும் ஏற்றிக்கொண்டு, ஆட்டோ வாடகையும் தானே கொடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் அந்த ஆளைக் காட்டிக் கொடுத்தார். அன்று அந்த ஆள் 20,000 ரூபாய் கட்டினார். அடுத்த எட்டு மாதம் பழைய கதை.

கட்டாமல் இருந்தால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று பிரிவு சொல்கிறது. சிலர் போவார்கள். போய்விட்டு வந்து, “உள்ளே இருந்தாச்சு, கணக்குத் தீர்ந்தது” என்பார்கள். தீராது. 1988-லேயே குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சிறை என்பது வசூலிக்க ஒரு வழி, கடனைத் தீர்க்கிற வழி இல்லை. கட்டும்வரை பாக்கி பாக்கிதான். அது ஏட்டில் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பையோ கிழிந்துதான் இருக்கிறது.

அப்புறம் கட்டுகிற விதத்திலும் ஒரு வன்மம் உண்டு. 2024 டிசம்பரில் கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் 80,000 ரூபாயைச் சில்லறை நாணயமாக மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தது செய்தியில் வந்ததே, ஞாபகம் இருக்கும். நோட்டாக மாற்றிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அது மனைவிக்கு ஆன தொகை. ஒவ்வொரு தரமும் பணத்தை வாங்க அந்தப் பெண்தான் கை நீட்டி நிற்க வேண்டும் என்பதால்தான் இப்படி ஒரு மனிதருக்கு யோசனையே வருகிறது.

எல்லா அப்பாவும் வில்லன் என்று நான் சொல்லவில்லை. பெயின்ட் அடிக்கப் போகிற ஒருவர், கொரோனா சமயத்தில் வேலையே இல்லாமல் போய், கண்ணீரோடு வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அவரைப் போன்றவர்கள் தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட வழி இருக்கிறது. பழைய 127, இப்போது 146. அவருக்கும் அப்படி ஒரு வழி இருப்பதாக யாரும் சொல்லவில்லை. கட்டாமல் ஓடுவது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஜீவனாம்சப் பாக்கியை அபராதம் வசூலிக்கும் முறையில் வசூலிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அபராதத்தை எப்படி வசூலிப்பது என்று பழைய 421-ஆம் பிரிவு, இப்போதைய 461, சொல்கிறது: அசையும் சொத்தை ஜப்தி செய்யலாம், அல்லது மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பி, நிலவரிப் பாக்கி போல வசூலிக்கச் சொல்லலாம். இந்த இரண்டாவது வழியை எங்கள் கோர்ட்டில் இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. வக்கீல்கள் கேட்பதில்லை, கேட்டாலும் தாலுகா ஆபீஸில் அதை எந்த மேஜையில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பெயரில் எங்கே எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது, பட்டா எப்போது மாறியது என்பது தாசில்தாருக்கு ஒரு நிமிட வேலை. அதே தகவலுக்கு அந்தத் தாய் நாலு மாதம் அலைகிறார். வருவாய்த் துறையிடம் நான் கேட்பது இதுதான். ஜீவனாம்ச வாரண்ட் வந்தால் இன்னார் கவனிக்க வேண்டும், இத்தனை நாளில் பதில் அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

வயதான பெற்றோருக்கு இதைச் செய்கிறீர்களே! 2007-ஆம் வருடச் சட்டப்படி, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் பெற்றோர் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு. எண்பது வயது அப்பாவுக்கு மகனிடமிருந்து வாங்கித்தர ஆர்.டி.ஓ. இருக்கிறார். எட்டு வயது மகளுக்கு அப்பாவிடமிருந்து வாங்கித்தர அந்தக் குழந்தையின் அம்மாவும் ஒரு ஆட்டோவும்தான்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்கிறீர்கள், அது பெரிய உதவி. ஆனால் அந்த உதவி பெரும்பாலும் உத்தரவு வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. உத்தரவான ஒவ்வொரு எம்.சி.யையும் ஒரு பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதப் பாக்கி விழுந்தால் உங்கள் சட்டத் தன்னார்வலரே வசூல் மனுவைத் தயார் செய்து தாயிடம் கையெழுத்து வாங்கட்டும். ஒரு வருடக் கெடு தவறிப்போன பாக்கியை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். எதிராளி சம்பளக்காரர் என்றால் சம்பளப் பிடித்தம் கேளுங்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, ஜீவனாம்ச உத்தரவைப் பண டிகிரி (பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம் என்கிறது; சிவில் நடைமுறைச் சட்டமோ, ஜீவனாம்ச டிகிரி என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தால் போதும் என்கிறது. மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் என்பதும், இரண்டு தரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். அது ஒரு நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் நான் சொன்ன குழந்தைக்கு ஐந்து வருடப் பணம் கிடைத்திருக்கும்.

தகப்பன் யார் என்று சண்டை நடக்கும் கட்டுகளில் உங்கள் வக்கீல்கள் இடைக்காலத் தொகையை விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும். எதிராளிக்கு நோட்டீஸ் கிடைத்த 60 நாளில் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 2001 திருத்தத்திலிருந்தே இருக்கிறது. திருமணம் மறுக்கப்படாத இடத்தில், டெஸ்ட் மனு நிலுவையில் இருப்பது சோறு போடாமல் இருக்க ஒரு காரணம் ஆகாது.

சமூக நலத் துறைக்கு ஒன்று. ஜெர்மனியில் தகப்பன் ஜீவனாம்சம் கட்டவில்லை என்றால், குழந்தைக்கு அரசே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அவரிடமிருந்து தானே வசூலித்துக்கொள்கிறது. 2017 ஜூலையிலிருந்து அதைப் பதினெட்டு வயது வரை நீட்டிவிட்டார்கள். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பீர்கள். முழுத் தொகை வேண்டாம். பாக்கி விழுந்த உத்தரவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் முன்பணமாகக் கொடுத்துப் பாருங்கள். அரசின் பணம் அவரிடம் மாட்டிக்கொண்டால் தாலுகா ஆபீஸ் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு வருடமாகக் கோர்ட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கடைசியாக வந்தபோது, அவளுடைய அப்பா பத்தடி தள்ளித் தூணோரம் நின்றிருந்தார். அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் இருந்தாள். ஏழாவது வசூல் மனு அடுத்த திங்கட்கிழமைக்கு நிற்கிறது. அன்று அவளுக்குக் கணக்குத் திருப்புதல் தேர்வாம். அம்மா மட்டும் வருவதாகப் போனில் சொன்னார். ஆளைக் காட்டிக் கொடுக்க மறுபடி ஆட்டோ எடுக்க வேண்டி வருமா என்றும் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா